ஆபீசுக்கு சைக்கிள்: மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடாமல் இருக்க

ஆபீசுக்கு சைக்கிளில் போவது என்று முடிவெடுத்தவர்கள் முதல் வாரம் உற்சாகமாக மிதிப்பார்கள். இரண்டாவது வாரம் ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் மழை. மூன்றாவது வாரம் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "நமக்கு அவ்வளவு மன உறுதி இல்லைங்க" என்பார்கள். இதை நான் ஒத்துக்கொள்வதில்லை. காலை எட்டரை மணிக்கு ஒருவர் சைக்கிளை விட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுக்கிறார் என்றால், காரணம் பெரும்பாலும் ரொம்பச் சின்னது. டயரில் காற்று இல்லை. பூட்டுச் சாவியைக் காணோம். நேற்று அந்தப் பாலத்தில் பஸ் உரசிக்கொண்டு போன பயம் இன்னும் போகவில்லை. இப்படி ஒன்றிரண்டு சேர்ந்தால் போதும், எப்பேர்ப்பட்ட ஆர்வமும் அணைந்துவிடும்.

அதனால் ஆர்வத்தை எப்படிக் கூட்டுவது என்று யோசிப்பதைவிட, அதை அணைக்கிற சின்னச் சின்னத் தடைகளை முன்கூட்டியே எடுத்துப்போடுவதுதான் வழி. எனக்குத் தெரிந்த ஊர் சென்னை, அதை வைத்தே சொல்கிறேன். ஐந்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர்கள், இவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மாதம்

சென்னையில் தொடங்க நல்ல நேரம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. மழை ஓய்ந்திருக்கும், காலையில் வெயில் உறைக்காது. ஜனவரியில் தொடங்கினால் மே மாத அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் நான்கு மாதம் கையில் இருக்கும். வெயில் ஏற ஏற உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். மே மாதத்திலோ, வடகிழக்குப் பருவமழை நடுவில் நவம்பரிலோ தொடங்கினால் முதல் வாரமே அலுத்துவிடும். இதைப் படிப்பது மே மாதம் என்றால் ஜனவரி வரை சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்குப் பால் வாங்கவும் காய் வாங்கவும் சைக்கிளில் போய்க் காலைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆபீஸ் பயணத்தை மட்டும் தள்ளிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

ஸ்கூட்டரில் போகிற பாதையிலேயே சைக்கிளிலும் போகப் பார்ப்பதுதான் புதிதாக வருகிறவர்களைச் சோர்வடைய வைக்கிற முதல் விஷயம். சைக்கிளுக்கு வேறு பாதை வேண்டும். சென்னை தட்டையான ஊர், ஏற்றம் என்றால் மேம்பாலம் மட்டும்தான். ஆனால் அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், ரயில் தண்டவாளம் என்று ஊரைக் குறுக்கே வெட்டுகிற கோடுகள் நிறைய. உள்தெருவிலேயே எவ்வளவு தூரம் போனாலும் இந்தக் கோடுகளைத் தாண்டும் இடத்தில் பெரிய ரோட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். ஆகவே பாதை போடும்போது முதலில் எங்கே தாண்டுவது என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் அந்த இடங்களை உள்தெருக்களால் இணையுங்கள்.

ஒரு உதாரணம். வீடு மேற்கு மாம்பலம், வேலை தரமணி என்று வைத்துக்கொள்வோம். தாண்டவேண்டியவை இரண்டு: ரயில் பாதையும் அடையாறும். அரங்கநாதன் சுரங்கப்பாதையில் ரயிலைத் தாண்டி, சி.ஐ.டி. நகர் தெருக்கள் வழியாக நந்தனம் பக்கம் வந்து, கோட்டூர்புரம் பாலத்தில் ஆற்றைக் கடக்கலாம். பிறகு மரநிழலுள்ள காந்தி மண்டபம் சாலை. அது முடிந்ததும் சர்தார் படேல் சாலையில் கொஞ்ச தூரம் போய் மத்திய கைலாஷ், அங்கிருந்து தரமணி. கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர். மோசமான பகுதி கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும்தான். சைதாப்பேட்டை, கிண்டி வழியாகப் போனால் பாதிக்கு மேல் பஸ்ஸோடும் லாரியோடும்தான் போகவேண்டியிருக்கும்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பாருங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் சில தெருக்கள் அடைபட்டோ ஒருவழியாகவோ இருக்கும். மேப்பில் தெரியாத அதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். குழி, வேகத்தடை, தெருநாய்க் கூட்டம் இருக்கும் முனை, தண்ணீர் தேங்கும் இடம், காற்றடிக்கும் கடை எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பாருங்கள். அவசரப்படாமல் மிதித்தால் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் போவீர்கள். வேலை நாளில் சிக்னல் சேரும், அதற்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கோடையில் காலை நேரத்தில் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று எழுந்து சாயங்காலம் வரை தென்கிழக்கிலிருந்து வீசும். மேற்கே வீடு, கிழக்கே வேலை என்றால் இரண்டு வேளையும் காற்று முதுகைத் தள்ளும். பெசன்ட் நகரில் குடியிருந்துகொண்டு போரூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் எதிர்காற்று. அவர் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பிவிட வேண்டும். இது தெரியாவிட்டால், உடம்பில் தெம்பே இல்லையோ என்று வீணாக நினைத்துக்கொள்வார்.

இருபது கிலோமீட்டர் தூரம் என்றால் முழுவதும் மிதிக்கவேண்டாம். தாம்பரம், குரோம்பேட்டை மாதிரி ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறலாம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் மூன்று கிலோமீட்டரும் சைக்கிள் பயணம்தான்.

வண்டி

வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளே போதும். கடையில் கொடுத்து ஒரு ஓவராயில் செய்யுங்கள்: பேரிங்குகளுக்கு கிரீஸ், புது பிரேக் கட்டை, வீல் கோட்டம் எடுப்பது. புதிதாக வாங்குவதானால் கியரை முக்கியமாக நினைக்காதீர்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கப் பந்தய வண்டி மாதிரி இருக்கும் பல மாடல்களில் மட்கார்டு வராது, முதல் மழையிலேயே முதுகில் சேற்றுக் கோடு விழும். பெல், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஹெல்மெட் இவையும் வேண்டும்.

சீட் உயரத்தைச் சரிசெய்வது காசில்லாத வேலை, ஆனால் பலன் பெரிது. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வையுங்கள். முழங்கால் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். நம் ஊரில் பலரும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மிதித்து, பத்து நாளில் முட்டி வலிக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். உட்காருமிடத்து வலி வேறு. அது எல்லாருக்கும் வரும், தொடர்ந்து ஓட்டினால் ஓரிரு வாரத்தில் போய்விடும்.

முந்தைய ராத்திரி

மேலே சொன்னதையெல்லாம் ஒரு முறை செய்தால் போதும். இது மட்டும் ஒவ்வொரு ராத்திரியும் செய்யவேண்டியது. சைக்கிளில் போவதா வேண்டாமா என்ற முடிவைக் காலையில் எடுக்கக் கூடாது. காலையில் நேரம் இருக்காது, தூக்கம் கலைந்திருக்காது, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கேள்வி என்று ஒன்று எழுந்தாலே பதில் ஸ்கூட்டர்தான்.

சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டயரை இரண்டு கட்டை விரலாலும் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் காற்றடியுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். இதற்காக வீட்டில் ஒரு பம்ப் இருந்தே தீர வேண்டும். வால் டியூப் வைத்த பழைய வால்வுக்கு பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்தாது, தெருமுனைக் கடை நீங்கள் கிளம்பும் நேரத்தில் திறந்திருக்காது. அடுத்து, மாற்றுச் சட்டையைச் சுருட்டி, ஒரு சின்னத் துண்டு, உள்பனியன், சீப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையை சைக்கிள் பக்கத்திலேயே வையுங்கள். பூட்டுச் சாவியும் ஹெல்மெட்டும் அந்தப் பைமேல். பாட்டிலில் தண்ணீர். விளக்குக்கு சார்ஜ். மறுநாள் போட்டுக்கொள்ளும் பேண்டும் சட்டையும் நாற்காலியில். ஸ்கூட்டர் சாவியைப் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் யோசிக்காமலே கை எடுப்பது எதுவோ அது சைக்கிள் சாவியாக இருக்கட்டும்.

வாரத்தில் ஒரு ராத்திரி செயினைப் பழைய துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு சைக்கிள் எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதில் மண் ஒட்டும். மிதிக்கும்போது கிறீச் கிறீச் என்று கேட்டால் மனசு அதிலேயே போய்விடும். சத்தம் இல்லாத சைக்கிளைத்தான் கை தேடும்.

வியர்வை

சென்னையில் சைக்கிள் என்றதும் எல்லாரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. வியர்க்காமல் போக முடியாது, ஆனால் சமாளிக்க முடியும்.

புது வியர்வைக்கு வாசனை அதிகம் இல்லை. தோலிலும் துணியிலும் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைப்பதால்தான் நாற்றம் வருகிறது. அதனால் கிளம்புவதற்கு முன் குளித்து, துவைத்த பனியன் போட்டுக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீரும். அடுத்து, பையை முதுகில் மாட்டாதீர்கள். கேரியரில் கட்டுங்கள், அல்லது பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள். முதுகில் காற்றுப்படுவதும் படாததும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது, கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதியுங்கள். வேகமாக வந்து சட்டென்று நின்றால்தான் குப்பென்று வியர்த்துக் கொட்டும்.

ஆபீஸ் போனதும் நேராக ஏசி அறைக்குள் போகவேண்டாம். கழிவறைப் பக்கம் போய் முகம், கழுத்து, கைகளைத் தண்ணீரால் கழுவி, ஈரத் துண்டால் அக்குளையும் முதுகையும் துடைத்து, ஒரு பத்து நிமிடம் நிழலில் காற்றாட நில்லுங்கள். வியர்வை அடங்கிய பிறகு சட்டையை மாற்றுங்கள். அடங்கும் முன்னே மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். திங்கட்கிழமை இரண்டு மூன்று சட்டைகளைக் கொண்டுபோய் ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டால் தினமும் சுமக்கத் தேவையில்லை. செருப்பும் ஒரு ஜோடி அங்கேயே இருக்கட்டும்.

சுடிதார் போட்டு ஓட்டுகிறவர்கள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இரண்டு இடத்தில் பின் குத்திக்கொள்ளுங்கள். தொங்கும் துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துப் போட்டுவிடும். செயின் கவரும், பின்சக்கரத்துக்கு வலைத் தடுப்பும் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆபீஸ் வாசல்

சைக்கிளை எங்கே விடுவது என்பதை முதல் நாளுக்கு முன்னாலேயே பேசி முடியுங்கள். பெரிய வளாகங்களில் காருக்கும் பைக்குக்கும் இடம் குறித்திருப்பார்கள், சைக்கிளுக்குக் குறித்திருக்க மாட்டார்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி உள்ளே விடத் தயங்குவார். அது அவர் குற்றம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிர்வாகத்தில் கேட்டு எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள். அப்புறம் செக்யூரிட்டியிடம் போய், "அண்ணே, நாளையிலிருந்து சைக்கிள்ல வரேன், எங்க நிறுத்தட்டும்?" என்று கேளுங்கள். கேமரா பார்க்கும் இடமாக, நகராத கம்பி ஒன்று உள்ள இடமாகப் பாருங்கள். பூட்டு சக்கரத்தை மட்டும் பிடித்தால் போதாது, பிரேமையும் சேர்த்துக் கம்பியோடு கட்ட வேண்டும்.

"என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். "பெட்ரோலுக்குக் காசு இல்லையா?" என்றும் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். நம் ஊரில் சைக்கிள் என்பது வசதி இல்லாதவர் வண்டி என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. பலரும் வெளியே சொல்லாமல் சைக்கிளை விடுவதற்கு வெயிலைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். "இல்லைங்க, இனிமே சைக்கிள்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். தினமும் பார்த்துப் பழகிய பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பேர் தனியாக வந்து, எந்தப் பாதையில் வருகிறீர்கள் என்று விசாரிப்பார்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள்

இரண்டு. செவ்வாயும் வியாழனும் என்று நாளைக் குறித்துவிடுங்கள். தினமும் போவேன் என்று தொடங்கினால் கால் வலியும் வேலைப்பளுவும் சேர்ந்து ஒரே வாரத்தில் சலிக்க வைக்கும். இரண்டு நாள் என்றால் நடுவில் உடம்பு தேறிக்கொள்ளும். இரண்டும் இயல்பாகிவிட்டதும், மூன்றாவது நாளை உடம்பே கேட்கும். அப்போது கூட்டுங்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் செய்த ஒரு ஆய்வு இங்கே பயன்படும். புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்பி, மூன்றாவது வாரம் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று கலங்கவேண்டாம். கஷ்டமாகத்தான் இருக்கும். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை என்றும் தெரிந்தது.

ரோட்டில்

பயம் இருந்தால் எந்த ஏற்பாடும் நிற்காது. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு கதவு திறக்கும் அகலம் தள்ளிப் போங்கள். நிறுத்தத்தை நெருங்கும் மாநகரப் பேருந்தை இடதுபக்கம் முந்தக் கூடாது. ஷேர் ஆட்டோ எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்று எப்போதும் எதிர்பாருங்கள். தண்ணீர் லாரி பின்னால் வந்தால் ஓரமாக நின்று அனுப்பிவிடுங்கள், அரை நிமிடம்தான் போகும். பெரிய சந்திப்பில் வலதுபக்கம் திரும்ப வேண்டுமானால் இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடங்கள். மேம்பாலத்துக்குக் கீழே வழி இருந்தால் கீழேயே போங்கள்.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மிதிப்பதை நிறுத்தி, மெதுவாக்கி, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடாததை அது பெரும்பாலும் துரத்தாது.

மழையும் வெயிலும்

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்பே குறித்து வைப்பது வெறும் தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். சைக்கிளுக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு தாளில் எழுதி வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். தூறல் என்றால் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போவேன். கனமழை என்றால் பஸ், யோசனையே இல்லை. ஆபீசில் இருக்கும்போது மழை பிடித்தால் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோவில் வருவேன். பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு போய் நான் குறித்து வைத்த கடையில் விடுவேன். இப்படி.

மழை நாளில் தரை தெரியாத தண்ணீருக்குள் சைக்கிளை இறக்கவே கூடாது. சாக்கடை மூடி திறந்திருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வேறு வழி, அல்லது வீடு திரும்புங்கள். ஈரமான ரிம்மில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், வழக்கத்தைவிட முன்னாலேயே அழுத்தத் தொடங்குங்கள். மாற்றுத் துணி எப்போதும் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கட்டும்.

கத்திரி வெயிலில் ஏழரைக்குள் ஆபீஸ் சேரும்படி கிளம்ப முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் அந்தச் சில வாரம் நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்னே ஒரு சொம்பு தண்ணீர், போனதும் உப்புப் போட்ட நீர்மோர். தலை சுற்றினாலோ வியர்வை நின்று தோல் சூடேறினாலோ உடனே நிழலில் நிறுத்தி, உடம்பை நனைத்து, ஆளைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் மிதிக்கக் கூடாது.

உண்டியலும் துணையும்

2017-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 2,63,450 பேரை ஐந்தாண்டு அளவில் கவனித்தது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு, காரிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல சேதிதான். ஆனால் என்றைக்கோ வரப்போகும் பலனுக்காகத் திங்கட்கிழமை காலையில் யாரும் எழுந்துவிடுவதில்லை. கண்ணெதிரே தெரிகிற பலன் ஒன்று வேண்டும்.

வீட்டில் ஒரு மண் உண்டியல் வாங்கி வையுங்கள். போக வரப் பதினெட்டு கிலோமீட்டர், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். சைக்கிளில் போய்வந்த அன்று சாயங்காலமே 40 ரூபாயை அதில் போடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அவர்கள் கையால் போடச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் போகாத நாளில் ஏன் போகவில்லை என்று அவர்களே கேட்பார்கள். வாரம் மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வரும். டயர், டியூப், மழைக்கோட்டு எல்லாம் அதிலேயே வாங்கலாம்.

துணை கிடைத்தால் விடாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. கேலிப் பேச்சுகளை மீறி ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். தனியாக ஒருத்தி ஓட்டியிருந்தால் ஊர் அவளை நிறுத்தியிருக்கும், கூட்டமாகக் கிளம்பியதால் நிறுத்த முடியவில்லை. உங்களுக்குக் கூட்டம் தேவையில்லை, ஒரே ஒருவர் போதும். அதே ஆபீஸாகக்கூட இருக்க வேண்டாம். பாதிப் பாதை சேர்ந்து வருகிற ஒருவர் ஏழு ஐம்பதுக்குக் கோட்டூர்புரம் பாலத்தில் காத்திருக்கிறார் என்றால், நீங்கள் போய்த்தான் ஆவீர்கள்.

நடுவில் விட்டுப்போனால்

காய்ச்சல், வெளியூர்ப் பயணம், தொடர்மழை, ஏதாவது ஒன்றில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும். அதன்பின் திரும்பத் தொடங்குவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் இதற்குள் டயரில் காற்று இறங்கியிருக்கும், செயினில் துரு ஏறியிருக்கும், பை வேறு எதற்கோ போயிருக்கும். சனிக்கிழமை சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து, கடைத்தெரு வரை போய்வாருங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறு ராத்திரி பழையபடி பையைக் கட்டி வையுங்கள். முதல் வாரம் ஒரு நாள் மட்டும் போங்கள், அதுவும் கூட்டம் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து. காய்ச்சலுக்குப் பிறகு என்றால், போவதை சைக்கிளிலும் வருவதை ஆபீஸ் நண்பரின் வண்டியிலும் வைத்துக்கொண்டு, சைக்கிளை மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிவரலாம். அடுத்த வாரம் செவ்வாய், வியாழன் இரண்டுக்கும் திரும்பிவிடுங்கள்.